பாரிசவாதத்தின் பின் வீட்டில் செய்யும் பயிற்சி

நோயாளருக்கு நற்கருணை கொண்டுசென்ற ஒரு நாளில், மன்னார்த் தீவின் கரையோரத்தில் இடம்பெயர்ந்தோர் வாழும் குடியிருப்பு ஒன்றில் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். குடும்பத் தலைவர் பெருநிலப்பரப்பில் வயல் செய்தவர். போரில் காணியை விட்டு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், உறவினரின் துண்டு நிலத்தில் கொட்டில் போட்டு இருப்பவர். நான்கு மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் இழுத்துவிட்டன. பேச்சும் குழறியது. மனைவி சோறு குழைத்து ஊட்டினார். மகள் முகம் கழுவித் துடைத்தாள். மருமகன் அவரைத் தூக்கிக் கதிரையில் இருத்தினார். அயலவர் எல்லோரும் அக்குடும்பத்தின் அன்பைப் பாராட்டினார்கள். நாமும் பாராட்டினோம்.

எம்மோடு வந்திருந்த அருட்சகோதரி பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றியவர். அவர் மட்டும் பாராட்டவில்லை. நோயாளியின் பக்கத்தில் இருந்து, "ஐயா, இந்தக் கையால கடைசியா என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டார். அவர் மனைவியைப் பார்த்தார். "அவரை நாங்கள் ஒண்டும் செய்ய விடுறேல்லை சிஸ்டர்" என்றார் மனைவி, பெருமையோடு.

இந்தப் பாடம் அந்த வீட்டுக்காகவும் அதைப் போன்ற வீடுகளுக்காகவும் எழுதப்படுகிறது. பாரிசவாதம் வந்தவருக்கு எல்லாவற்றையும் நாமே செய்து கொடுக்கும்போது, நோய் விட்டுவைத்த கொஞ்சச் சக்தியையும் அன்பினால் முடக்கிவிடுகிறோம். மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில், கப்பர்நாகூமிலே முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அந்த நால்வரின் விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். ஆனால் நிகழ்ச்சியின் முடிவில் படுக்கையைச் சுமந்துகொண்டு போகிறவர் நோயாளிதான் என்பதை அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பிறகுதான் நாம் கவனித்தோம்.

நோய் கையில் இல்லை

மூளைக்குப் போகும் குருதிக்குழாய் அடைபடுவதால், அல்லது வெடித்துக் குருதி கசிவதால், மூளையின் ஒரு பகுதி இறந்துபோவதே பாரிசவாதம். வலது பக்கம் இழுத்தால் சேதம் மூளையின் இடது பாதியில். இடது பக்கம் இழுத்தால் வலது பாதியில். கையிலும் காலிலும் உள்ள தசைகளில் நோய் இல்லை, அவற்றுக்குக் கட்டளை வருவதுதான் நின்றுவிட்டது. ஆகவே எண்ணெய் பூசி உருவுவதோ, எம்மிடையே சிலர் செய்வதுபோலப் புறா இரத்தம் தடவுவதோ நோய் இருக்கும் இடத்தைச் சென்றடையாது. மெதுவாக எண்ணெய் தடவிவிடுவது ஆறுதல், அதைத் தடுக்க மாட்டோம். ஆனால் இழுத்து உருவ வேண்டாம். உணர்ச்சி குறைந்த தோலில் சுடு ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்து கொப்பளிக்கும்வரை நோயாளிக்கே தெரியாமல் போகலாம்.

இறந்த பகுதி மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆனால் மூளையின் மற்றப் பகுதிகள் அதன் வேலையை ஓரளவு ஏற்கப் பழகுகின்றன. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வாய்க்கால் தூர்ந்துபோனால் வரம்பை வெட்டி வேறு வழியால் தண்ணீரைத் திருப்புவோம். ஒரு நாள் மண்வெட்டி பிடித்தால் அந்த வழி நிலைக்குமா? தண்ணீர் ஓட ஓடத்தான் வாய்க்கால் ஆழமாகும். மூளையில் புதிய வழி ஆழமாவதும், அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதினால்தான்.

இதற்கு ஒரு வீட்டின் கதை உலகப் பிரசித்தமானது. 1959 ஆம் ஆண்டு நியூயோர்க்கில் வாழ்ந்த பெத்ரோ பாக்-இ-ரீற்றா என்ற பேராசிரியருக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் முழுதாக இழுத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வைத்தியர்கள் இனி முன்னேற்றம் இல்லை என்றார்கள். அவருடைய மகன் ஜோர்ஜ் அப்போது மருத்துவ மாணவன், இந்தத் துறையில் எந்தப் பயிற்சியும் பெறாதவர். குழந்தை முதலில் தவழ்ந்துதானே நடக்கிறது என்று எண்ணி, தகப்பனைச் சுவரில் சாய்த்துத் தவழப் பழக்கினார். நிலத்தில் கண்ணாடிக் குண்டுகளை உருட்டி எடுக்க வைத்தார். சட்டி பானை கழுவும்போது பலவீனமான கையைச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வைத்தார். அயலவர்கள், ஒரு பேராசிரியரை நாய்போலத் தவழ வைக்கிறாயே என்று கோபித்தார்களாம். ஓராண்டு முயற்சியின் பின் தகப்பன் மீண்டும் கல்லூரியில் கற்பிக்கப் போனார். சில ஆண்டுகள் கழித்து, மலையேறும்போது மாரடைப்பினால் இறந்தார். உடலைப் பரிசோதித்தபோது மூளையின் பழைய சேதம் அப்படியே இருந்தது. ஆறாத சேதத்தோடுதான் அந்த மனிதர் நடந்தார், பேசினார், மலையேறினார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டோம். சேதம் பெரிதானால் எவ்வளவு முயன்றாலும் கை திரும்பாமல் போவதுண்டு. முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகமாகவும், ஆறு மாதம்வரை ஓரளவும், அதன் பின் மெதுவாகவும் வரும். மெதுவாக வருவது நின்றுவிட்டது என்று பொருளல்ல.

முதல் மணித்தியாலமும் முதல் நாட்களும்

பயிற்சிக்கு முன் ஒரு சொல். முகம் ஒரு பக்கம் கோணினால், உயர்த்திய கைகளில் ஒன்று தானாக விழுந்தால், பேச்சுக் குழறினால், உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 1990 என்றால் எம்மவருக்கு நினைவில் வருவது வேறு: வள்ளமேறிய இரவுகளும், முஸ்லிம் சகோதரர் வெளியேற்றப்பட்ட அந்த ஒக்டோபரும். இன்று அதே இலக்கம் இலவச அம்புலன்ஸ் சேவைக்கு உரியது. அடைப்பினால் வந்த பாரிசவாதமானால் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. அதை நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள், மூளையைப் படம் எடுத்துப் பார்த்த பின்பே கொடுப்பார்கள். ஆகவே எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரோ கோப்பியோ மருந்தோ வாயில் ஊற்ற வேண்டாம், சுவாசப்பைக்குள் போய்விடும். பார்வை பார்ப்பவரிடம் கொண்டுபோய் மணித்தியாலங்களை இழக்க வேண்டாம்.

முதல் நாளே எழுப்பி நடத்திப் பார்க்கவும் வேண்டாம். 2015 இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், ஐந்து நாடுகளில் 2104 நோயாளர் சேர்ந்தனர். 24 மணித்தியாலத்துக்குள் அடிக்கடி எழுப்பி அதிகம் அசைவு கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைந்த பலனே பெற்றார்கள். வைத்தியர் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, படுக்கவைக்கும் முறை. புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள், இல்லையேல் இடுப்பிலும் குதியிலும் புண் வரும். நல்ல பக்கமாகச் சரிந்து படுக்கும்போது பலவீனமான கையை முன்னால் நீட்டி, தலையணை அல்லது மடித்த சாரத்தின்மேல் வையுங்கள். எழுந்து இருக்கும்போது அந்தக் கை மடியிலோ மேசையிலோ தாங்கலோடு இருக்கட்டும், தொங்க வேண்டாம்.

இங்கே எமது குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தாயைக் கதிரையிலிருந்து எழுப்ப உதவுவதாக எண்ணி, இழுத்துப்போன கையைப் பிடித்துத் தூக்கினோம். அவர் அலறினார். தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் சோர்ந்திருக்கும்போது கையை இழுத்தால் மூட்டு நழுவும். அந்த வலி மாதக் கணக்கில் நிற்கும். பிறகு அந்தத் தாய் எம்மைக் கண்டாலே கையை ஒளித்துக்கொள்வார். அக்குளுக்குள் கைபோட்டுத் தூக்குவதும் தவறு. இடுப்பைச் சுற்றி ஒரு சாரத்தை முறுக்கிக் கட்டி, அதைப் பிடித்து எழுப்புங்கள். இன்னொன்று: கூரை வளையில் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்து மற்றக் கையை மேலே தூக்கும் பயிற்சியைப் பல வீடுகளில் காண்கிறோம். அதுவும் தோளைக் கெடுக்கும். கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

பாயிலும் கதிரையிலும்

மல்லாந்து படுத்து, இரு முழங்காலையும் மடித்து, பாதங்களை ஊன்றி, இடுப்பை உயர்த்தி, மெதுவாக இறக்குதல். பலவீனமான முழங்கால் வெளியே சரிந்தால் பக்கத்தில் இருப்பவர் கையால் தாங்கலாம். ஒரு தடவைக்குப் பத்து. இது வந்துவிட்டால் உடுப்பு மாற்றுவதும், படுக்கைச் சட்டி வைப்பதும் இலகுவாகும்; பராமரிப்பவரின் முதுகும் தப்பும்.

அடுத்தது கதிரையிலிருந்து எழுந்து நின்று இருத்தல். ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரமுண்டு என்றால் இதைச் செய்யுங்கள் என்போம். கைபிடியுள்ள கதிரையைச் சுவரோடு, சுவர் உறுதியில்லாத கொட்டிலானால் நடுக்கப்போடு, நகராதபடி வையுங்கள். மணல் நிலமானால் கால்கள் புதையாதபடி பலகை போடுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து, இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு எழ வேண்டும். எல்லோரும் நல்ல காலில்தான் பாரம் போடுவார்கள். மற்றக் காலை மிதிக்கும்படி சொல்லிக்கொண்டே இருங்கள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இருக்க வேண்டும். அந்த மெதுவில்தான் தொடை பலம் பெறுகிறது. எழ முடியாவிட்டால் சாக்கை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள். பலம் வர வரச் சாக்கைக் குறையுங்கள். காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளை, வேளைக்குப் பத்துத் தடவை என்று தொடங்குங்கள்.

நடக்கும்போது துணை நிற்பவர் பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால், இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி நிற்க வேண்டும். பொல்லு நல்ல கையில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பொல்லின் தலை மணிக்கட்டு மட்டத்தில் இருப்பது சரியான உயரம். முதலில் பொல்லு, பிறகு பலவீனமான கால், பிறகு நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். ரப்பர்ச் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ள செருப்பு நல்லது. கடற்கரை மணல் கடைசியாக வரட்டும். முதலில் இறுகிய முற்றத்தில் நடக்கட்டும்.

கைக்கு வேலை கொடுங்கள்

கைதான் கடினம். காலை விடத் தாமதமாகவே பலருக்குக் கை திரும்புகிறது. அதற்குள் எல்லோரும் நம்பிக்கை இழந்து, நல்ல கையாலேயே எல்லாம் செய்யப் பழகிவிடுகிறார்கள். பயன்படுத்தாத கையை மூளையும் மறந்துவிடுகிறது. இதை அமெரிக்க உளவியலாளர் எட்வேர்ட் டௌப் ஆராய்ந்து, நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டிவைத்து, பலவீனமான கையால் வேலை செய்ய வைக்கும் முறையை வகுத்தார். அந்த முறையை இரண்டு வாரம் 222 நோயாளரிடம் பரீட்சித்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2006 இல் வெளிவந்தது. அவர்கள் நோய் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமானவர்கள். முறையைப் பின்பற்றியவர்களின் கை ஓராண்டு கழித்தும் மற்றவர்களைவிட நன்றாக இயங்கியது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானே விரிக்கக்கூடியவருக்குத்தான் இது பொருந்தும். நடக்கும்போது நல்ல கையைக் கட்டவே கூடாது, விழுந்தால் ஊன்ற அதுதான் இருக்கிறது.

அசைவே இல்லாத கைக்கு: இரு கைகளையும் கோத்துக்கொண்டு, வாங்கின்மேல் ஒரு துணியை விரித்து, முன்னும் பின்னும் துடைப்பதுபோலத் தள்ளுதல். நல்ல கை மற்றதைச் சுமந்து போகும், கண் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அசைவு வரத் தொடங்கினால் சிரட்டை ஒன்றிலிருந்து மற்றச் சிரட்டைக்குப் புளியங்கொட்டைகளை மாற்றலாம். முதலில் பெரிய சிப்பி, பிறகு புளியங்கொட்டை, பிறகு பயறு. ரப்பர் பந்தைப் பிசையும்படி எல்லோரும் சொல்வார்கள். பலருக்கு விரல்கள் தாமாகவே மூடி இறுகுகின்றன, விரிப்பதுதான் வராது. எனவே பிடிப்பதைவிட விடுவதைப் பழக்குங்கள்: போத்தலைப் பிடித்து, நகர்த்தி, விட்டுவிடுதல்.

2009 இல் வெளியான ஓர் ஆய்வில், வட அமெரிக்காவின் சிகிச்சை நிலையங்களில் ஓர் அமர்வில் நோயாளி பலவீனமான கையால் வேலை சார்ந்த அசைவைச் சராசரியாக 32 தடவைதான் செய்தார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். எல்லா வசதியும் உள்ள இடத்தில் 32! கச்சான் கோது உடைப்பவர், சுளகில் அரிசி தெரிபவர், பனையோலை வார்பவர் எத்தனை தடவை கையை அசைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கமக்காரனின் கைக்குக் கமத்து வேலையைக் கொடுங்கள். நாற்றுப் பைக்கு மண் நிரப்பட்டும். செம்பால் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றட்டும். பாதி சிந்தினாலும் கன்று கோபிக்காது.

எதை வாக்களிக்க முடியாது

இப்படி எழுதும் நாம் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளரைக் கொண்டு, லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைத்தியர்கள் முன்னின்று ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினரின் உறவினருக்குச் சில நாட்கள் பயிற்சிமுறைகளைக் கற்பித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 2017 இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாத முடிவில், இரு பிரிவிலும் ஒரே அளவினர், 47 சதவீதத்தினர், இறந்திருந்தார்கள் அல்லது பிறரில் தங்கியிருந்தார்கள்.

இது எம்மைச் சோர்வடையச் செய்தது. பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. மற்றப் பிரிவின் குடும்பங்களும் சும்மா இருந்திருக்க மாட்டா. ஆனால் சில நாள் காட்டிக்கொடுத்துவிட்டு, இனி உங்கள் பாடு என்று வீட்டாரின் தலையில் வைத்தால் போதாது என்பது தெளிவு. இந்தப் பக்கங்களை வாசிப்பதும் அப்படியே. மன்னார் பொது வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் நாளில், இயன்மருத்துவரைக் காண வேண்டும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். நீங்கள் வீட்டில் செய்வதை அவருக்கு முன்னால் செய்துகாட்டித் திருத்தம் கேளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். பஸ் செலவு பெரிது என்பது தெரியும். பங்கின் அன்பியக் குழுக்கள் இரங்கல் வீட்டுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால் என்ன என்று பல தடவை கேட்டிருக்கிறோம்.

பயிற்சியின் நடுவே நெஞ்சு வலி, கடுமையான தலையிடி, மூச்சிரைப்பு, புதிய பலவீனம் வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குருதி அமுக்கத்துக்கான குளிசையை, சுகம் வந்ததாகத் தோன்றினாலும், ஒரு நாளும் விடக் கூடாது. இடம்பெயர்ந்தபோது குளிசை நின்றுபோனதால் நோய் வந்த குடும்பங்களை நாம் அறிவோம். கிளினிக் கொப்பியும் குளிசைச் சிட்டையும் அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் இருக்கட்டும். உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. எங்கள் கரையில் கருவாடு ஒன்றே அந்தக் கணக்கை முடித்துவிடும்.

பேச்சுப் போனவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று எண்ணி, அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள். பல வேளை எல்லாம் விளங்கும், சொல்தான் வராது. 'தண்ணீர் வேணுமா' என்று ஒன்றாகக் கேட்டு, தலையசைக்க நேரம் கொடுங்கள். தண்ணீர் என்று சொல்ல முடியாத ஒருவர், குடும்பமாகச் செபமாலை சொல்லும்போது மங்கள வார்த்தைச் செபத்தை முழுதாகச் சொல்லக்கூடும். நாம் கண்டிருக்கிறோம். பலர் அதைப் புதுமை என்றார்கள். மனப்பாடமாகப் பதிந்த செபமும் பாட்டும் எண்ணும் மூளையில் வேறு வழியால் வருவதுண்டு என்கிறார்கள் வைத்தியர்கள். எதுவானாலும் அதுவும் பயிற்சிதான், தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணமின்றி அழுவதும் சிரிப்பதும் நோயின் பகுதி. ஆனால் உண்ணாமல், உறங்காமல், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அது மனச்சோர்வு. மூன்றில் ஒருவருக்கு வருகிறது, அதற்கும் மருந்து உண்டு. பராமரிக்கும் பெண்ணுக்கும் அது வரும். கிழமையில் ஒரு பொழுதாவது மகனோ அயலவரோ வந்து, அவரைக் கோயிலுக்கோ சந்தைக்கோ போகவிடுங்கள்.

முதலில் சொன்ன வீட்டுக்கு அந்தச் சகோதரி கிழமைக்கு ஒரு தடவை போய்வந்தார். ஐந்து மாதம் கழித்து நாம் போனபோது அந்த மனிதர் வாசலில் கதிரையில் இருந்தார். கரண்டியின் பிடியில் பழந்துணி சுற்றித் தடிப்பாக்கியிருந்தார்கள். வலது கையால் அதைப் பிடித்துச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோனார். பாதி பாயில் கொட்டியது. நாலைந்து கோழிகள் காலடியில் நின்றன.

"ரெண்டு பேருக்குச் சமைக்கிறன் சுவாமி, அவருக்கும் கோழிக்கும்" என்றார் மனைவி. ஊட்டிவிட எழுந்தவர், எம்மைப் பார்த்துவிட்டுத் திரும்ப இருந்தார்.

அவர் வாயில் இருந்ததை விழுங்கும்வரை காத்திருந்தோம். "இண்டைக்கு" என்றார். பிறகு சொல்லைத் தேடி, "அரைக் கோப்பை" என்றார்.